மோதிர விரலால் வாசித்த கடிதம்

மரியாயியின் டிரங்குப் பெட்டியில் ஒரு கடிதம் இருக்கிறது. அதில் இப்போது ஒரு புள்ளிகூட எழும்பி நிற்பதில்லை. இருபது வருடமாகத் தடவித் தடவி அவளே எல்லாவற்றையும் மட்டமாக்கிவிட்டாள். அப்படியும், உக்குவளையில் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் தண்டவாளத்தில் மத்தியானக் கோச்சி கூவும்போது அதை மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். வெறும் தாளில் என்னதான் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் வாயைத் திறக்கிற ஆள் அவள் இல்லை.

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள் அவள். முப்பது வயதில் ஒரே வருடத்துக்குள் இரண்டு கண்ணும் மங்கி அணைந்துபோயின. அண்ணன் இஞ்ஞாசி சோறு போட்டான், குறை சொல்ல முடியாது. ஆனால் தங்கச்சியின் வாழ்க்கை அத்தோடு முடிந்தது என்று அவனே முடிவு கட்டிவிட்டான்.

முடியவில்லை என்று சொன்னவன் நோபர்ட். அவர்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா அவனுடையது. பிறவியிலேயே பார்வையில்லாதவன், பள்ளியில் புள்ளி எழுத்துப் படித்துவிட்டு வந்து கதிரைகளுக்குப் பிரம்பு பின்னிக்கொண்டிருந்தான். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு, இந்தியாவுக்கே போய்விட வேண்டும் என்று அவன் அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். பங்குனியில் பயணம் என்று முடிவானது.

"போனதும் கடதாசி போடுவேன். புள்ளியிலதான் எழுதுவேன்" என்றான் நோபர்ட். "அத வேற யாரும் ஒனக்கு வாசிச்சுக் காட்ட ஏலாது. நீதான் வாசிக்கணும்."

கையில் இருந்தது ஆறே மாதம். பழைய கலண்டர் தாள்களில் ஊசியால் குத்திக் குத்திப் பாடம் கொடுத்தான். முதல் மாதம் வீண். கொழுந்து கிள்ளிப் பழகிய கை சும்மா இருக்குமா? கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் புள்ளியைக் கண்டதும் கிள்ளப் பார்க்கும். அவள் அழுத்திய அழுத்தில் ஒவ்வொரு வரியும் நசுங்கிப்போனது. போதாததற்கு, வெடித்துக் காய்த்துப்போன அந்த இரண்டு விரலுக்கும் ஆறு புள்ளியும் ஒரே சொரசொரப்புத்தான்.

"நாங்க எழுதுறதெல்லாம் நீ பறிச்சுக் கூடையில போட்டுர்றியே" என்று சிரித்தான் அவன். "வேல செய்யாத வெரலு ஒண்ணு குடு பாப்போம்."

மோதிர விரல்தான் மிஞ்சியது. மோதிரமும் ஏறாத, காய்ப்பும் ஏறாத விரல். அதைத் தேங்காயெண்ணெயில் ஊறவைத்து, தாளில் பட்டும் படாமலும் ஓட்டப் பழகினாள். தை மாதத்தில் ஒரு நாள், எண்ணிப் பார்க்காமலே ஒரு சொல் முழுசாக வந்து விழுந்தது. அப்போது கண்ணுக்குப் பின்னால் இருட்டில் ஏதோ வெள்ளையாக அசைந்தது.

"பயமா இருக்கு. கண்ணு வந்துருச்சோ?" என்றாள்.

"கண்ணு வராது. எங்க ஸ்கூலுக்கு வந்த டொக்டர் சொன்னாரு. மண்டைக்குள்ள பார்வைக்குன்னு ஒரு எடம் இருக்காம். கண்ணு போனா அது சும்மா கெடக்காதாம். வெரலு அங்க குடி போயிருமாம்."

"நம்ம லயத்துக் காம்பரா மாதிரியா? ஆளு இந்தியாவுக்குப் போனா மறுநாளே வேற குடும்பம் வந்துருமே."

நோபர்ட் அடுத்த தாளை எடுத்து ஊசியால் குத்தத் தொடங்கினான். பங்குனியில் அவன் போனான். கோச்சிப் பெட்டியின் சன்னல் வழியாகக் கையை நீட்டி, அவள் மோதிர விரலை மட்டும் பிடித்துவிட்டு விட்டான். அவள் சொன்னபடியே மறுநாள் அந்தக் காம்பராவில் வேறு அடுப்பு புகைந்தது. அந்தப் புகையை முகர்ந்துகொண்டு அவள் பட்ட பாடு ஆண்டவருக்குத்தான் தெரியும்.

கடிதம் வந்தது ஐப்பசியில். அவள் கைக்கு வரவில்லை, பொலிசுக்குப் போனது. இந்தியாவிலிருந்து வந்த தடித்த உறை. உள்ளே ஓர் எழுத்துக்கூட இல்லாமல் வெறும் குத்துப் புள்ளிகள். அந்தக் காலத்தில் இது போதாதா? இஞ்ஞாசி தங்கச்சியைப் பொலிசுக்குக் கூட்டிப்போனான். இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, அங்கே மொழிபெயர்க்க இருந்த மக்கீன் தமிழில் சொன்னார்.

"தங்கச்சி, இது ரகசியக் குறியான்னு மாத்தயா கேக்குறாரு. உண்மையிலயே எழுத்துன்னா இப்பவே சத்தமா வாசிக்கணுமாம். இல்லாட்டி எரிச்சிருவாங்களாம்."

புதிதாக வந்த கடிதம் எதையும் அவள் அதுவரை வாசித்ததே இல்லை. பக்கத்தில் அண்ணன் மூச்சு விடுவது கேட்டது. மோதிர விரலை முதல் வரியில் வைத்தாள்.

"மரியாயிக்கு, நோபர்ட் எழுதுறது. நாங்க சொகமா வந்து சேந்தோம்" என்று சத்தமாக வாசித்தாள். மக்கீன் அதைச் சிங்களத்தில் சொன்னார். விரல் அடுத்த வரிக்குப் போனது. *ஒன்னயக் கட்டிக்கிறேன்னு கேக்கத் தைரியம் இல்லாமப் போச்சு.*

அதை அண்ணன் முன்னால் சொல்ல முடியுமா? "இங்க ஒரு ஆடு வாங்கினோம்" என்றாள்.

*ஒன் வெரல் ஞாபகமாவே இருக்கு.*

"அது ரெண்டு குட்டி போட்டுச்சு."

வாய் ஆட்டைச் சொல்லிக்கொண்டிருந்தது. விரல் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இருட்டுக்குள் அந்த வெள்ளை, வரி வரியாக எழுந்தது. கடைசி வரிக்கு வந்தாள். *நீ அன்னைக்கிச் சொன்னது தப்பு. நீ இருந்த காம்பராவுல இன்னும் யாரும் குடிவரல.*

"குட்டி ரெண்டும் நல்லா இருக்கு" என்று முடித்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

இன்ஸ்பெக்டர் ஏதோ கேட்டார். "ஆடு குட்டி போட்டதுக்கு ஏன் அழுறீங்கன்னு கேக்குறாரு" என்றார் மக்கீன்.

"நானும் ஒரு ஆடு வளத்தேன், மாத்தயா."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு உறையைத் தள்ளினார். அதே மாதம் இந்தியாவுக்குப் போகும் கப்பல் நின்றது. அவள் எழுதிய பதில் போய்ச் சேர்ந்ததோ என்னவோ, பிறகு அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. அன்றைக்கு வாசல்வரை கடிதத்தைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தவர் மக்கீன்தான். அண்ணன் முன்னால் போகும்வரை பொறுத்திருந்து, மெல்லச் சொன்னார்.

"அடுத்த தடவ வாசிக்கிறப்ப வெரல மெதுவா ஓட்டுங்க தங்கச்சி. வாய் ரெண்டு வரி ஆட்டச் சொல்லக்குள்ளயே வெரல் தாளோட அடியில போயி நிண்டுச்சு."