உள்ரூம் ரவுட்டர்

கடைசி ஸ்க்ரூ மட்டும் அசைவேனா என்றது. லேப்டாப்பை அத்தாவின் கட்டில் ஓரத்திலேயே கவிழ்த்துப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினாள் நிலோஃபர்.

"சார்ஜர் மாட்டியிருக்குதா பாரு கண்ணு. கரண்ட் அடிச்சுப்போடும்" என்றார் தகப்பனார் யாகூப். பாதிச் சொல் காற்றாகத்தான் வந்தது.

"எல்லாம் கழட்டியாச்சுங்கத்தா. நீங்க பேசாம படுங்க."

இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். துடியலூரிலிருந்து லீவு போட்டு வந்து அத்தாவின் பக்கத்திலேயே இருந்தாள் நிலோஃபர். கோட்டைமேட்டுச் சந்துக்குள் இருந்த அந்த வீட்டின் ஹாலில் சொந்தக்காரப் பெண்கள் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதிக்கொண்டிருந்தார்கள். இந்த மனுஷனுக்கோ காலையில் கண் விழித்ததிலிருந்து வைஃபை கார்டு ஞாபகம்தான். மாட்டியாச்சா, மாட்டியாச்சா என்று ஒரே பாட்டு. ஒற்றை மகளிடம் கடைசியாகச் சொல்ல அவருக்கு வேறு எதுவுமே இல்லையா? நிலோஃபருக்குக் கோபமாக வந்தது. கோபப்படுகிறோமே என்று அழுகையாகவும் வந்தது.

அது அவள் காலேஜில் படித்த காலத்து லேப்டாப். இப்போது அம்மாவிடம் இருந்தது. ஷார்ஜாவிலும் மலேசியாவிலும் இருக்கிற சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு அம்மா சித்திகா சாயங்காலங்களில் அதில்தான் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்தாள். போனில் பிள்ளைகளின் முகம் கடுகளவு தெரியும். உதடும் நாக்கும் எப்படி அசைகின்றன என்று பார்க்காமல் எப்படித் திருத்துவது? லேப்டாப்பில் முகம் பெரிதாகத் தெரியும், ஆனால் அடிக்கடி உறைந்து நிற்கும். உள்ளே இருந்த கார்டு அரதப்பழசு. சந்திலுள்ள அத்தனை வீட்டு வைஃபையும் நெரிசலடிக்கிற பழைய அலைவரிசை ஒன்றைத் தவிர அதற்கு வேறெதுவும் தெரியாது. வேகமான ஃபைபர் கனெக்‌ஷன் வாங்கிப் போட்டும் பிரயோஜனமில்லை. அதனால்தான் யாகூப் படுத்த படுக்கையில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளி, வைஃபை ஆறு என்று புதுக் கார்டு ஒன்றை வரவழைத்திருந்தார்.

அதோடு விட்டாரா? ஆளைக் கூப்பிட்டு, ஹாலில் இருந்த ரவுட்டரைப் பின்னால் அரிசி டிரம்மும் பழைய மெத்தையும் கிடக்கிற உள்ரூமுக்கு மாற்றிவிட்டார். அதைக் கேள்விப்பட்ட அன்று நிலோஃபர் போனிலேயே சண்டை பிடித்தாள்.

"ஊட்டுக்கு நடுவுல இருந்தாத்தானுங்க எல்லா ரூமுக்கும் எட்டும்? யாராச்சும் கொண்டுபோய் உள்ரூம்ல வெப்பாங்களாத்தா?"

"அங்கயே இருக்கட்டும் கண்ணு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ஒருவழியாக ஸ்க்ரூ வந்தது. மூடியைக் கழற்றி, பழைய கார்டை உருவி, புதியதைச் செருகினாள். அதன் தலையில் இரண்டு ஒயர்களை அழுத்திப் பொருத்த வேண்டும். வெள்ளை ஒயர் 'டிக்' என்று உட்கார்ந்துகொண்டது. கறுப்பு ஒயர் அழுத்த அழுத்த வழுக்கியது.

"ஆச்சா?"

"இன்னும் ஒண்ணே ஒண்ணுங்கத்தா."

அவர் சிரித்தார். சிரிப்பு முடிந்தபின் மூச்சு வேறு மாதிரி வரத் தொடங்கியது. லேப்டாப்பைத் தரையில் தள்ளிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டாள். சித்திகா மக்காவிலிருந்து வந்த ஜம்ஜம் தண்ணீரைப் பஞ்சில் நனைத்து அவர் உதட்டில் வைத்தாள். எல்லோரும் கலிமா சொன்னார்கள். அவர் உதடும் கூடவே அசைந்தது, பிறகு நின்றுவிட்டது.

இறந்தவர் உடலைக் காக்க வைக்கிற வழக்கமில்லை. அன்று சாயங்கால அஸர் தொழுகைக்கே ஜனாஸாவைத் தூக்கிவிட்டார்கள். ஆண்கள் அதன் பின்னால் போக, வீட்டில் பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

அத்தாவின் தங்கை சாயிரா பானு நிலோஃபரைத் தனியாக அழைத்தார். "அண்ணி இன்னைக்கிருந்து இத்தா இருக்கோணும். ஹாலுக்கு ஆம்பளைங்க வந்து போவாங்க, அங்க சரிப்படாது. உள்ரூமக் கூட்டி வையி கண்ணு."

புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். லீவில் வந்ததிலிருந்து அந்தப் பக்கமே போகாத நிலோஃபர் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய் உள்ரூம் கதவைத் திறந்தாள்.

கூட்டுவதற்கு அங்கே எதுவுமில்லை. டிரம்மும் மெத்தையும் போயிருந்தன. சுவருக்கு வெள்ளையடித்திருந்தது. ஜன்னலோரம் ஒரு மேசை, முதுகுவலிக்காரிக்கு ஏற்ற மெத்தை வைத்த நாற்காலி, கைக்கெட்டும் உயரத்தில் புது பிளக் பாயின்ட். மேலே ரவுட்டர் பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்தது.

நிலோஃபர் விளக்குமாற்றோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தான் போன பிறகு அம்மா எந்த அறையில் இருப்பாள் என்று யோசித்து யோசித்து ஒவ்வொன்றாகச் செய்திருக்கிறார். இந்த மனுஷனிடமா சண்டை போட்டோம்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அத்தா என்று வாய்விட்டே அழுதாள். எப்படிச் சொல்வார்? எந்தத் தகப்பன் இதை மகளிடம் சொல்வான்?

அழுது முடித்து, லேப்டாப்பை எடுத்து வந்து மேசையில் கவிழ்த்தாள். இந்த முறை கறுப்பு ஒயர் முதல் அழுத்திலேயே உட்கார்ந்தது.

மறுநாள் சாயங்காலம் உள்ரூமில் வெள்ளைத் துப்பட்டி போர்த்தி உட்கார்ந்திருந்த அம்மா, லேப்டாப்பை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"பிள்ளைங்களுக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிப்போடு கண்ணு. எனக்கு இனி இதெல்லாம் ஆகாது."

"நீங்களே ஒரு வார்த்த சொல்லிப்போடுங்கம்மா. நாஞ் சொன்னா நல்லாருக்காது."

நிலோஃபர் வகுப்பைத் திறந்துவிட்டாள். ஐந்து முகங்களும் ஒரே நேரத்தில் வந்தன. எதுவும் உறையவில்லை, ஒரு பிள்ளையின் பால்பல் விழுந்த சந்துகூடத் தெரிந்தது. அம்மா பேச வாயெடுப்பதற்குள் ஷார்ஜாவிலிருந்து பேத்தி முறையான ரம்ஷா முந்திக்கொண்டாள்.

"நன்னிம்மா, யாகூப் நன்னாவுக்காக நாங்க ஓதறோமுங்க. எல்லாரும் மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கோம்."

அம்மா தலையை மட்டும் அசைத்தாள்.

ரம்ஷா ஓதினாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கண்ணீர் தாடை வரை இறங்கியது. நிலோஃபர் எழுந்து போய் அணைத்துக்கொள்ளலாமா என்று நினைத்தாள்.

"நில்லு" என்றாள் அம்மா.

ரம்ஷா நிறுத்தினாள்.

"அந்த எடத்துல நீட்டோணும் கண்ணு. அவசரப்பட்டு முழுங்கிப்போட்ட. மறுக்கா ஓது, பாக்கலாம்."

ரம்ஷா திரும்ப ஓதினாள். அம்மா துப்பட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டாள். அடுத்த பிள்ளை ஓதியது, அதற்கடுத்த பிள்ளையும் ஓதியது. வகுப்பு முடிகிற நேரத்தில் அம்மாவின் குரல் கொஞ்சம் கரகரத்தது.

"நாளைக்கு அடுத்த பக்கம். எல்லாரும் பாத்துட்டு வரோணும், செரியா?"

சாயிரா பானு கொண்டுவந்த டீயைக் கதவுக்கு வெளியிலேயே வாங்கிக்கொண்டு, அம்மா பிள்ளைகளிடம் பேசி முடிக்கட்டும் என்று நிலோஃபர் அங்கேயே நின்றாள்.