சாகச மனப்பான்மை

ஐந்தரைக்கு எழுந்தான். போர்வையை மடித்தான். பல் தேய்த்தான். பால் காய்ச்சிக் காபி போட்டு நின்றுகொண்டே குடித்தான். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். குளித்தான். நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டான்; முதலில் காலர், பிறகு கை, முன்பக்கம், கடைசியில் முதுகு. இரண்டு துண்டு ரொட்டி தின்றான். கேஸை மூடினான். கதவைப் பூட்டி ஒருமுறை இழுத்துப் பார்த்தான். ஏழு மாதமாக இதே வரிசைதான். யோசிக்க இடம் வைக்காத வரிசை.

இன்று ஒன்றுதான் வேறு. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு விடுப்புச் சொல்லியிருந்தான். பைக்குள் பதினான்கு பக்க அறிக்கை இருந்தது. மலைநடைப் பாதைகளைப் பராமரிக்கும் அலுவலகம் எழுதியது. அவன் மனைவி மரப்பாலத்திலிருந்து ஓடையில் விழுந்து இறந்ததைப் பற்றியது. அதன் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி: “இறந்தவரின் சாகச மனப்பான்மையும், மோசமான வானிலையைப் பொருட்படுத்தாத போக்குமே விபத்துக்கு முதன்மைக் காரணங்கள்.” பதினோரு மணிக்குக் கடைசி விசாரணை. மறுப்புச் சொல்ல ஆளில்லை என்றால் அந்த வரிக்குக் கீழே கையெழுத்து விழும். பிறகு காலத்துக்கும் அவள் தன் திமிரால் செத்தவள்.

சாகசமாம்.

மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தவள் அவள். சீட்டை இரண்டு முறை படிக்காமல் தலைவலி மாத்திரையைக்கூட எடுத்துக் கொடுத்ததில்லை. ராட்டினத்தில் ஏறலாம் என்றால் கீழே நின்று எல்லோருடைய செருப்புக்கும் காவல் இருப்பாள். கேரவன் வண்டி எடுத்துக்கொண்டு பன்னிரண்டு நாள் சுற்றிவிட்டு வரலாம் என்று அவன் சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி, தீயணைப்பான் எந்தப் பக்கம் மாட்டியிருக்கும் என்பது. இரண்டாவது கேள்வி, கழிப்பறைத் தொட்டியை யார் காலி செய்வது என்பது. முதல் கேள்விக்கு வண்டி வாடகைக்கு விட்டவர் பதில் சொன்னார். இரண்டாவதற்கு அவனே பதில்.

வண்டி நன்றாகத்தான் இருந்தது. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே பரண் மாதிரி படுக்கை. தினமும் காலையில் எழும்போது அவன் தலை கூரையில் இடிக்கும். அவள் கீழே அடுப்பருகே நின்றபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல், எத்தனையாவது இடி என்று கணக்குச் சொல்வாள். காலையில் வண்டி ஓட்டுவது, மதியத்துக்குள் எங்காவது நிறுத்திவிட்டு நடப்பது என்று ஏற்பாடு. வானம்தான் ஒரு நிலையில் நிற்கவில்லை. எட்டு மணிக்கு வெயில் பல்லைக் காட்டும். பத்து மணிக்கு மூடுபனி வந்து முன்னால் போகிறவர் முதுகை அழித்துவிடும். பன்னிரண்டுக்கு ஆலங்கட்டி. இரண்டு மணிக்கு ஒன்றுமே நடக்காததுபோல நீலம். சுள்ளென்ற வெயிலிலும் அவள் மழைச்சட்டையோடுதான் நடந்தாள். எதிரே வருகிறவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு, தாண்டிப் போய் இன்னொரு முறை திரும்பிப் பார்த்தார்கள்.

“குளிக்கும்போதும் இதைப் போட்டுக்குவியா?” என்று கேட்டான்.

“எனக்குக் காய்ச்சல் வந்தா பக்கத்துல உக்காந்து நெத்தியில ஈரத்துணி போடப்போறது நீ. உன் தூக்கத்துக்காகத்தான் துரை இதைப் போட்டிருக்கேன்.”

கோபம் வந்தாலும் கொஞ்சல் வந்தாலும் அவளுக்கு அவன் துரைதான்.

அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. மேகம் கறுத்துக் காற்றுத் திசை மாறினால் திரும்பிவிட வேண்டும். மிச்சம் எவ்வளவு தூரம் என்ற பேச்சே கூடாது. எட்டு நாளில் எட்டு நடை போனார்கள். முடித்தது மூன்று. ஐந்து முறை பாதியில் திரும்பினார்கள். ஐந்தாவது முறை திரும்பி, வண்டியை எட்டிய நிமிடத்தில் வெயில் அடித்தது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டான். மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டால் மேகம் கலையாது என்று அவள் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

ஒன்பதாம் நாள் நடை ஓர் அருவிக்கு. காலையில் வெயிலில் பாலத்தைக் கடந்து ஏறினார்கள். முக்கால் வழியில் காற்று மாறியது. அருவியின் சத்தம் காதில் விழும் தூரம்தான். அவள் நின்றாள். திரும்பலாம் என்றாள். திரும்பினார்கள். திரும்பி வரும்போதுதான், வண்டி மரங்களுக்கிடையே வெள்ளையாகத் தெரிகிற அந்தப் பாலத்தில்தான் அவள் போனாள்.

இப்படிப்பட்டவளுக்குச் சாகசப் பட்டம் கட்டியது பாதை அலுவலகம். சரி, அவர்கள் தங்கள் நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ள எதையும் எழுதுவார்கள். ஆனால் பட்டத்துக்குத் துணி எடுத்துக் கொடுத்தது சொந்த வீடு. அதுதான் அவனுக்கு ஆறவில்லை.

அவளுடைய அண்ணன் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். குடும்பத்தில் அவருக்கு ரேடியோ என்று பெயர், வைத்தவள் தங்கைதான். இரங்கல் கூட்டத்துக்கு அவர் அட்டை அச்சடித்தார். சிரிக்கிற படம். படத்துக்குக் கீழே, “மழை வந்தா என்ன, நனையத்தானே வந்தோம்!” அதற்கும் கீழே பொடி எழுத்தில், அவள் கடைசியாகச் சொன்னது என்று. இருநூறு அட்டை. அவள் அந்தப் பேச்சைக் கடைசியாகவும் சொல்லவில்லை, முதலிலும் சொல்லவில்லை. வாழ்நாளில் சொன்னதில்லை. அவன் கையிலும் ஓர் அட்டை கொடுத்தார்கள். படித்தான். சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அன்று செங்கல்லைக் கொடுத்திருந்தாலும் வாங்கிப் பையில் வைத்திருப்பான்.

பாதை அலுவலகம் குடும்பத்தாரிடம் விவரம் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தபோது ரேடியோ அரை மணி நேரம் பாடியிருக்கிறது. தங்கை எப்பேர்ப்பட்ட தைரியசாலி என்று சொல்லி, சாட்சிக்கு அந்த அட்டையையும் அனுப்பியிருக்கிறது. அறிக்கையில் அதுதான் இணைப்பு மூன்று. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் சுகமாக இருந்தது. கெட்டது தங்கையின் பேர்.

விசாரணை அலுவலகத்தின் நடைக்கூடத்தில் மச்சானும் அவருடைய அம்மாவான அத்தையும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அத்தை கைப்பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அதற்குள் அந்த அட்டை பிளாஸ்டிக் உறையில் இருக்கும். எங்கே போனாலும் கூடவே போகும். அவன் மச்சானைத் தண்ணீர் எந்திரத்தின் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். அறிக்கையைப் படித்தாரா என்று கேட்டான். முழுதாகப் படிக்க எங்கே நேரம் என்றார். ஒன்பதாம் பக்கத்தை விரித்துக் கையில் கொடுத்தான்.

படித்தார். இரண்டாம் முறை படிக்கும்போது உதடு அசைந்தது. நல்லதற்குச் சொன்னதை இப்படித் திருப்பிவிட்டார்களே என்றார். அவள் அப்படிச் சொல்லக்கூடிய பெண்தானே என்றார்.

“சொல்லக்கூடிய பொண்ணு இல்லை மச்சான். சொல்லவும் இல்லை. மழை வந்தா திரும்பிடணும்னு என் உயிரை வாங்கினவ அவ.”

“நீங்க வாயைத் திறந்தீங்களா மாப்பிள்ளை? அந்த வாரம் முழுக்க அம்மா என் சட்டையைப் பிடிச்சுக் கேட்டாங்க, பிள்ளை கடைசியா என்ன சொல்லிச்சுன்னு. உங்களைக் கேட்டா சுவரைப் பாக்குறீங்க. அவங்களுக்கு நான் எதையாவது குடுக்கணும்ல?”

அவனுக்குக் கோபம் இன்னும் ஒரு படி ஏறியது. உள்ளே போய் அது உங்கள் சொந்தச் சரக்கு என்று சொல்லுங்கள் என்றான். அம்மா முன்னாலேயா என்று மச்சான் கேட்டார். அம்மா முன்னால்தான் என்றான்.

பெயரைக் கூப்பிட்டார்கள்.

நீள மேசை. ஒரு பக்கம் விசாரணை அதிகாரி, நரைத்த தலை, கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட அம்மாள். எதிரே பாதை அலுவலகத்தின் பொறியாளர். அவர் எழுந்து முதலில் துக்கம் தெரிவித்தார். இவ்வளவு துணிச்சலான பெண்ணை இழந்தது எல்லோருக்குமே இழப்பு என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. பிறகு காரியத்துக்கு வந்தார். பாலத்தின் கைப்பிடி முறிந்திருந்தது உண்மைதான். ஆனால் அன்றிரவு வெள்ளத்தில் மரம் மோதி முறிந்திருக்கலாம். இறந்தவர் அதைப் பிடித்ததற்குச் சாட்சி இல்லை. பாலம் பழுது என்ற எச்சரிக்கைப் பலகை வண்ணம் பூசப் போயிருந்தது. அந்தப் பலகையை மறுநாள் அவன் பார்த்திருந்தான். கருவிக் கொட்டகைக்குப் பின்னால், முகத்தைச் சுவரில் வைத்து, ஒட்டடையோடு நின்றது. வண்ணத்தின் வாசம்கூட இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, என்றார் பொறியாளர், கொட்டும் மழையில் அருவியை நோக்கிப் போனது அவர்கள் விருப்பம். குடும்பமே அதைப் பெருமையாக அச்சடித்திருக்கிறது. இணைப்பு மூன்றைப் பார்க்கவும்.

அதிகாரி அட்டையை எடுத்து வாசித்தார். அரசாங்கக் குரலில் அந்த வாக்கியம் இன்னும் அசிங்கமாக இருந்தது.

அவன் எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது. நாங்கள் அருவிக்குப் போகவில்லை, அருவியிலிருந்தும் வரவில்லை, முக்கால் வழியில் திரும்பி வண்டிக்கு வந்துகொண்டிருந்தோம் என்றான். திரும்பச் சொன்னது அவள் என்றான். எட்டு நாளில் ஐந்து முறை திரும்பினோம், இது ஆறாவது என்றான். பலகை நின்ற இடத்தைச் சொன்னான். குரல் ஏறிக்கொண்டே போனது. அவனுக்கே அது யாருடைய குரலோ போலக் கேட்டது.

“என் பொண்டாட்டி நனையறதுக்கு வரலை மேடம். அந்த அட்டையில இருக்கிறது அவ பேச்சு இல்லை.”

அதிகாரி மச்சானைப் பார்த்தார். மச்சான் மேசை விளிம்பைப் பார்த்தார். இருபது வருடமாக நிற்காத ரேடியோ நின்றுபோயிருந்தது. பொறியாளர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். கடைசியில் மச்சான் எழுந்து, அம்மா இருக்கும் பக்கம் திரும்பாமலே பேசினார்.

“அது நான் எழுதினது. அவ சொன்னது எனக்குத் தெரியாது. தெரியாததால எழுதினேன்.”

அத்தை பையைத் திறந்தாள். உறையோடு அட்டையை எடுத்தாள். கிழிக்கப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் அதை மேசைமேல் படம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தாள்.

அதிகாரி அவனிடம் திரும்பினார். விபத்து நடந்த அன்று எடுத்த வாக்குமூலத்தில், இறந்தவர் கடைசியாக ஒன்றும் சொல்லவில்லை என்று இருக்கிறதே, அது உண்மையா என்று கேட்டார். பொய் என்றான். பொறியாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏன் மறைத்தீர்கள் என்று அதிகாரி கேட்டார்.

“சொல்லியிருந்தா உடைஞ்சிருப்பேன் மேடம். வண்டியை நானூறு கிலோமீட்டர் தனியா ஓட்டிக்கிட்டு வரவேண்டியிருந்தது. வேற யாரும் இல்லை.”

வந்து சேர்ந்த பிறகாவது சொல்லியிருக்கலாமே என்று யாரும் கேட்கவில்லை.

“நான் கேக்குறேன் மாப்பிள்ளை,” என்றாள் அத்தை. “அழகா இல்லாட்டியும் பரவாயில்லை. என் பொண்ணு என்னதான் சொன்னா?”

அதிகாரி காகிதத்தைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தில் பேனாவை வைத்தார். அவன் அவர்களில் யாரையும் பார்க்கவில்லை. அன்று அவன் ஓடைக்கரையில் நின்று, இன்னும் பத்து நிமிடம் பொறுத்திருந்தால் வெளுத்திருக்கும் என்று மேகத்தோடு கறுவிக்கொண்டிருந்தான். அவள் பாலத்தின் நடுவில் நின்று திரும்பிப் பார்த்தாள். மழையில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதை அவன் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னான்.

“அங்க நின்னு வானத்தை முறைச்சது போதும் துரை. பலகை வழுக்குது. என்னை மாதிரி கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு வா.”