சுவரைத் தட்டினேன்

கடலுக்குப் போகலாம் என்று சொன்னது நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் தங்கை இந்து, புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டு இரண்டு தடவை, பழைய தங்கச் சுரங்கக் குடியிருப்பான ஸ்கெலட்டனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இரண்டு தடவையும் நானே திரும்பக் கொண்டுபோய் விட்டேன். அவள் புருஷன் ரகுவுக்கு ராபர்ட்சன்பேட்டையில் பை, பெட்டி விற்கும் கடை. தலைமுறை தலைமுறையாகக் கடைக்காரர்கள். மூன்றாவது தடவை வந்தபோது, திரும்பப் போகவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

"கடையிலயே உக்காந்துகினு இருந்தா யாருக்கும் டென்ஷன்தான் ஆவும். ரெண்டு நாள் நாலு பேரும் வெளிய போய் வந்தா சரியாயிடும்" என்றேன். என் மனைவி வாணி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"இதான் கடைசிண்ணா" என்றாள் இந்து. "இதுக்கும் மேல என்னை அனுப்பாத."

சரி என்றேன்.

போனில் தேடி, கார்வார் பக்கம் ஒரு விடுதி பிடித்தேன். கடலுக்கு நேர் எதிரே, குறைந்த வாடகை. மழைக்காலம் தொடங்கப்போகிற நேரம் என்பதால் எங்களைத் தவிர யாரும் இல்லை. நடத்துகிறவர் பியாட்ரிஸ் என்று ஒரு அம்மா, அறுபது வயதிருக்கும். ஒரே கூடமாக இருந்ததை நடுவில் பிளைவுட் அடித்து இரண்டு அறை ஆக்கியிருந்தார். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். குழாயில் வந்த தண்ணீர் உப்புக் கரித்தது. ஆனால் கதவைத் திறந்தால் மணல், பத்தடியில் கடல்.

காலையில் ரகு நல்லபடியாகத்தான் இருந்தான். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டான்.

"இன்னா மச்சான், இம்மாந்தூரம் வந்து கரையிலயே நிக்கறீங்க? எறங்குங்க."

"எனக்கு நீச்சல் தெரியாது மாப்ள."

"அதானே. மைன்ஸ்காரங்களுக்குக் கீழ போகத்தான் தெரியும், மெதக்கத் தெரியாது."

சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் வந்த அலை அவனைக் கவிழ்த்துவிட்டது. கால் இரண்டும் மேலே. எழுந்தபோது வாயெல்லாம் மணல். பாக்கெட்டில் வைத்திருந்த போனில் தண்ணீர் போயிருந்தது.

"உங்களுக்கும் மெதக்கத் தெரியில போல" என்று இந்து சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து ஒரு வருடம் ஆகியிருக்கும். நானும் சிரித்தேன், வாணியும் சிரித்தாள். ரகுவும் சிரித்தான்.

சாப்பாட்டின்போது மீனில் முள் எடுத்துக்கொண்டே இருந்தான். ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

"போன் போச்சா மாப்ள?"

"போனா போவுது வுடுங்க."

இரண்டு மணி இருக்கும். வெயிலுக்குப் படுத்திருந்தோம். பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் பளார் என்று ஒரு சத்தம். அது என்ன சத்தம் என்று எனக்கு உடனே தெரிந்தது.

"வேணாங்க, சும்மாதாங்க சிரிச்சேன்" என்று இந்துவின் குரல். அப்புறம் ஏதோ வந்து மோதி, எங்கள் பக்கம் மாட்டியிருந்த கண்ணாடி ஆடியது.

"எழுந்து போங்க" என்றாள் வாணி.

நான் போகவில்லை. கையை மடக்கிச் சுவரில் மூன்று தட்டுத் தட்டினேன்.

எங்கள் லைன் வீடுகளில் அதுதான் வழக்கம். ஒரு சுவர்தான் இரண்டு வீட்டுக்கும். எவனாவது பெண்டாட்டியை அடித்தால் பக்கத்து வீட்டில் இருந்து சுவரைத் தட்டுவார்கள். அவ்வளவுதான், அடி நின்றுவிடும். தட்டினவனோடு விடிந்ததும் ஒரே கேஜ் கூண்டில் நின்றுகொண்டு சுரங்கத்துக்குள் இறங்கவேண்டும், அவன் முகத்தைப் பார்க்கவேண்டும். அந்த வெட்கம். என் அப்பாவே தட்டு கேட்டதும் கையை நிறுத்தியிருக்கிறார். மைன்ஸ் மூடி இத்தனை வருடம் ஆகியும் லைனில் அந்தத் தட்டுக்கு மரியாதை இருக்கிறது.

அந்தப் பக்கம் சத்தம் நின்றது. இந்து ஏதோ மெதுவாகச் சொன்னாள்.

"பாத்தியா" என்றேன் வாணியிடம்.

அப்போதுதான் இந்து அலறினாள். இரும்பில் ஏதோ இடிக்கிற சத்தம். திரும்பத் திரும்ப, ஒரே அளவாக.

ஓடினேன். உள்ளே தாழ் போட்டிருந்தான். மூன்றாவது உதையில் கதவு பெயர்ந்தது. அவள் கூந்தலை இடது கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கட்டில் கம்பியில் முகத்தை மோதிக்கொண்டிருந்தான். படுக்கை விரிப்பெல்லாம் ரத்தம்.

"எம் பொண்டாட்டி. நீ யார்றா கேக்கறதுக்கு?"

கழுத்தைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் என் விலாவில் குத்தினான், தோளைக் கடித்தான். நான் முகத்தில் குத்து விட்டேன். கீழே விழுந்தான். விழுந்த பிறகும் விட்டேன். நெஞ்சில் முட்டி போட்டு உட்கார்ந்துகொண்டு அடித்தேன். அவன் கையைத் தூக்குவதை நிறுத்திவிட்டான், நான் நிறுத்தவில்லை. பல் உடைவது என் விரல் முட்டியில் தெரிந்தது. அப்போது எனக்கு நன்றாக இருந்தது. இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பியாட்ரிஸ் அம்மா ஒரு வாளித் தண்ணீரை என் தலைமேல் கொட்டி, செத்துப்போவான் விடு என்று கன்னடத்தில் கத்திக்கொண்டே சட்டையைப் பிடித்து இழுத்தார். அப்புறம்தான் என் கை நின்றது.

அவரே இரண்டு ஆட்டோ வரவழைத்தார். ரகுவைத் தன்னோடு ஏற்றிக்கொண்டார். நாங்கள் மூவரும் இன்னொன்றில் ஏறினோம். இந்து வாயில் துண்டை அழுத்திப் பிடித்திருந்தாள். பேச்சு குழறியது.

"நீ தட்டன இல்லண்ணா... இன்னா சத்தம் அதுன்னு கேட்டாரு. எங்க லைன்ல அப்டித்தான் தட்டுவாங்க, அடிக்காதன்னு அர்த்தம்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"அப்போ உங்கண்ணன் வரமாட்டான், தட்டிகினேதான் இருப்பான்னாரு."

வாணி அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பவில்லை. ரகுவின் வீட்டில் கல் சுவர். யாரோடும் கேஜில் இறங்கவேண்டியதும் இல்லை. அவனுக்கு அந்தத் தட்டு என்னவென்று தெரியும் என்று நான் எப்படி நினைத்தேன்?

ஊருக்குள் ஒரு சின்ன கிளினிக். டாக்டர் இளம் பெண். என்ன ஆச்சு என்று கன்னடத்தில் கேட்டார்.

"அலை தள்ளி பாறையில விழுந்துட்டா" என்றேன் நான்.

ஏன் சொன்னேன்? போலீஸ் பயம். கேஸ் வந்தால், தினமும் ரயிலேறிப் போகிற பெங்களூர் வேலை போய்விடும் என்ற பயம். நேர்மையாகச் சொன்னால், எப்படியாவது இதைப் பேசி ஒட்டவைத்துவிடலாம் என்று அப்போதும் எனக்குள் ஒரு எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது.

இந்து துண்டை எடுத்தாள். கீழுதடு இரண்டாகப் பிளந்திருந்தது.

"பொய் மேடம். எங்க வீட்டுக்காரர் அடிச்சாரு. எத்தனையாவது வாட்டின்னு எனக்கே தெரியாது."

"அப்படின்னா நான் போலீசுக்குச் சொல்லியாகணும்."

"சொல்லுங்க. நான் அவரோட போகப்போறதில்ல."

டாக்டர் எழுத ஆரம்பித்தார். பாதியில் நிமிர்ந்து, வெளியே பெஞ்சில் சாய்ந்திருந்த ரகுவைக் காட்டினார்.

"அவரை யார் அடிச்சது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"எங்க அண்ணன்" என்றாள் இந்து. "அதையும் எழுதிக்குங்க."

"இந்து..." என்றேன்.

"இன்னாண்ணா? ரெண்டும்தானே நடந்துச்சு?"

டாக்டர் பேனாவை என் பக்கம் திருப்பினார்.

"பேர்?"

"வாசு."

"வயசு?"

"நாப்பத்தொம்போது" என்றேன். வீங்கிய கையை மேசைமேல் வைக்கச் சொன்னார். வைத்தேன்.