செருப்பிடம் கேட்ட கேள்வி

நூலகத்து மாடி அறை அன்று நிரம்பி வழிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். வழியவில்லை. ஆனாலும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பாதிக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள். கவிதைக் கூட்டத்துக்கு அதுவே மாநாடு. 'இன்றைய கலையும் நம் மக்களும்' என்று தலைப்பு. உள்ளூர்க் கவிஞர் என்ற முறையில் நான்தான் பேச்சாளர். உள்ளூர்க் கவிஞர் என்றால் வெளியூரில் யாருக்கும் தெரியாது என்று அர்த்தம்.

கடைசி வரிசையில் மாமா, அதாவது என் அக்காவின் கணவர், மகளோடு உட்கார்ந்திருந்தார். கடைத்தெருவில் சலூன் வைத்திருக்கிறார். என் கூட்டம் ஒன்றையும் விடமாட்டார். கவிதை புரியாது, ஆனால் நான் ஜோக் அடித்தால் முதல் சிரிப்பு அவருடையது. அக்கா இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அந்தச் சிரிப்பு மட்டும் குறையவில்லை. இந்த மனுஷனுக்கு வருத்தமே கிடையாதா என்று நான் உள்ளுக்குள் முகம் சுளித்ததும் உண்டு.

பேச்சு பாதியில் தொய்ந்தது. அழகியல், பொறுப்பு, சமூகம் என்று நான் அடுக்க அடுக்க, முன்வரிசைக்காரர் கொட்டாவி விட்டார். என்ன வேண்டுமானாலும் பொறுப்பேன், கொட்டாவியைப் பொறுக்க மாட்டேன். கைவசம் உள்ள வித்தையை எடுத்துவிட்டேன். போனில் சுற்றும் கவிதை ஏதாவது ஒன்றை மூக்கால் அழுதுகொண்டே படித்துக் காட்டுவதுதான் அது. இதுவரை எந்த மேடையிலும் தோற்றதில்லை.

அன்று காலைதான் யாரோ ஒன்று அனுப்பியிருந்தார்கள். ரோஜாப்பூப் படம், அதன்மேல் எழுத்து. எழுதியவர் பெயர் இல்லை.

"வாசலில் உன் செருப்பு இருக்கு, நீ எங்கே? செருப்பே, நீயாவது பதில் சொல்!"

படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினேன். அறை குலுங்கியது.

"செருப்புகிட்ட பதில் கேட்டா செருப்படிதாங்க கிடைக்கும்!" என்றேன். கைதட்டல். விடுவேனா? "துக்கத்தைக்கூட லைக்குக்கு விக்கிற காலம் இது. இதுக்குப் பேரு கவிதையாம்!"

எல்லாருக்கும் முன்னால் மாமாவின் சிரிப்புதான் கேட்டது. கொட்டாவிக்காரர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கூட்டம் முடிந்து படி இறங்கும்போது அக்கா மகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சித்தி, அது அப்பா எழுதினது."

"எது?" என்றேன். புரிந்துவிட்டது, இருந்தாலும் கேட்டேன்.

"செருப்புக் கவிதை. அம்மாவோட செருப்பை இன்னும் வாசல்லேர்ந்து எடுக்க விடமாட்டேங்கறார். சித்திகிட்ட காட்டுங்கன்னேன். 'அவ பெரிய கவிஞர், சிரிப்பா'ன்னு சொல்லிட்டு, நம்ம சொந்தக்காரங்க குரூப்ல போட்டார். யாரோ பேரை எடுத்துட்டு, பூப் படம் போட்டு சுத்த விட்டுட்டாங்க."

அந்தக் குரூப்பை நான் எப்போதோ ஊமையாக்கி வைத்திருந்தேன். காலை வணக்கத் தொல்லை தாங்கவில்லை. அக்கா வீட்டு வாசலை மிதித்தும் மாதக்கணக்காகிறது.

"அப்பா சிரிச்சாரே..." என்று இழுத்தேன்.

"நீங்க எது சொன்னாலும் அவர்தானே முதல்ல சிரிப்பார்" என்றாள் அவள். கையை விட்டுவிட்டாள்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது எப்படி என்று தெரியாது. அக்கா போன பிறகு அவளைப் பற்றி நான் ஒரு வரி எழுதவில்லை. நல்ல வரியாக வரட்டும் என்று காத்திருந்தேனாம். மாமா மட்டமான வரியோடு முந்திக்கொண்டார். மட்டம்தான், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அதில் அக்கா இருந்தாள். என்னிடம் இருந்தது வெறும் தாள். மக்களுக்கும் கலைக்கும் உறவு அறுந்துவிட்டது என்று மைக் பிடித்து முழங்கிய வாய் இது. உறவு இருந்த இடத்தைப் பார்த்துத்தான் எல்லாரையும் கெக்கலி கொட்டிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

மறுநாள் சலூனுக்குப் போனேன். மாமா ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார்.

"வாங்க கவிஞரே! நேத்து பின்னிட்டீங்க போங்க!"

"மாமா, அது நீங்க எழுதினதுன்னு எனக்குத் தெரியாது."

"அட, விடும்மா."

"ரெண்டு வார்த்தை திட்டிடுங்க மாமா."

"எதுக்கு? எழுதத் தெரியாதவன் எழுதினா சிரிக்கத்தான் செய்வாங்க. காலையிலயே குரூப்லேர்ந்து அழிச்சுட்டேன்."

"திரும்பப் போடுங்க. அடுத்த கூட்டத்துல நானே அதை ஒழுங்காப் படிக்கிறேன். யாரு எழுதினதுன்னும் சொல்றேன்."

கத்தி நின்றது. நுரை பூசிய முகத்தோடு இருந்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மாமா என் பக்கம் திரும்பவில்லை. குரல் தணிந்துவிட்டது. என்னிடம் மன்னிப்புக் கேட்பவர் மாதிரி பேசினார்.

"வேணாம்மா. என்னைப் பாத்து யாரு சிரிச்சாலும் பரவால்ல. நேத்து எல்லாரும் சிரிச்சப்போ, உங்க அக்காவை நடுவுல நிக்க வச்சு சிரிக்கிற மாதிரி இருந்துச்சு. அவளை அங்க கூட்டிட்டுப் போய் விட்டது நான்தானே. நானும் சேர்ந்து சிரிச்சுட்டேம்மா."