பாதாளக் கரண்டியின் நிஜ வேகம்

இறுதி ஒலிப்பதிவை இசைத்தட்டு ஆலைக்கு அனுப்ப இன்னும் முப்பத்தொரு மணி நேரம் இருந்தபோது, என் அப்பா மெதுவாக டிரம்ஸ் அடிக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்வது எனக்கு வராது. கல்லூரியில் இயற்பியல் வாய்மொழித் தேர்வில், விடை தெரிந்தும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். இந்த ஒலிப்பதிவுக் கூடத்து வேலை பிடித்துப்போனதற்குக் காரணமே, காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருப்பவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்பதுதான். பழைய டேப்புகளைக் கணினியில் ஏற்றி, இரைச்சல் நீக்கி, சீர்செய்து கொடுப்பேன்.

அன்று கையில் இருந்தது 'பாதாளக் கரண்டி'யின் டேப். இருபத்தெட்டு வருடங்களுக்கு முன்பு ஒரு சலவைக் கடையின் நிலவறையில் மூன்று பேர் நடத்திய கோத் ராக் குழு. கறுப்புச் சட்டை, கண்ணுக்கு மை, கல்லறைப் பாட்டு. பாதாளம் என்று பெயர் வைத்தால் கேட்பவர்கள் நடுங்குவார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் கொக்கியில் போய் அது எப்படி முடிந்தது, 'கரண்டி'யை யார் சேர்த்தது என்ற தகராறு இன்னும் தீரவில்லை.

பாடியவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். கிட்டாரும் அவர்தான். இப்போது விளக்குக் கடை வைத்திருக்கிறார். முந்நூறு பல்பு எரிகிற கடையில் இன்னமும் கறுப்புச் சட்டையோடு உட்கார்ந்திருப்பார். பேஸ் கிட்டார் வாசித்தவர் இப்போது பல் டாக்டர். டிரம்ஸ் அடித்தவர் என் அப்பா. லிஃப்ட் மெக்கானிக்.

அவர்கள் வெளியிட்டது ஒரே ஒரு கேசட். ஏழு பாட்டு, நூறு பிரதி. அதை ஆளுக்கு ஆள் பதிவுசெய்து பரப்பியதில் ஒரு ரசிகர் கூட்டம் உண்டாயிற்று. எல்லோரும் கொண்டாடியது மாமாவின் குரலை. பத்தொன்பது வயதில், நிலத்துக்கு அடியிலிருந்து வருவது போன்ற குரல். எல்லோரும் கேலி செய்தது டிரம்ஸை. இழுவை என்றார்கள். தூக்கத்தில் அடிக்கிறான் என்றார்கள். அப்பாவுக்கு 'நத்தை' என்று பெயர் விழுந்தது. மூன்றே மாதத்தில் அவர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு விலகினார். குழு உடைந்தது. அடுத்த வருடம் அவர் மாமாவின் தங்கையைக் கல்யாணம் செய்துகொண்டதால் உறவு மட்டும் தப்பித்தது.

அதற்குப் பிறகு அப்பா மேசையில்கூடத் தாளம் போட்டதில்லை. லிஃப்ட் கதவு அரை நொடி தாமதித்தால் கண்டுபிடிக்கிறவர், ரேடியோவில் பாட்டு வந்தால் எழுந்து போய் எதையாவது துடைப்பார்.

இந்தப் பாடல்களைச் சீர்செய்து இசைத்தட்டாகக் கொண்டுவர ஒரு வெளியீட்டாளர் வந்தார். என்னைவிட இரண்டு வயது பெரியவர், பெரிய தாடி. எல்லோரும் தாடி என்றே கூப்பிட்டார்கள். இசைத்தட்டோடு குழுவின் வரலாற்றையும் சிறு நூலாக எழுதியிருந்தார். அதில் ஒரு வரி: 'டிரம்மரின் கை வேகம் போதாததால் குழு உடைந்தது.' மறுநாள் மாலை ஐந்து மணிக்கு ஒலியும் நூலும் ஒன்றாக அச்சுக்குப் போகும். கேசட் நூறோடு நின்றது. இது ஆயிரம் பிரதி.

எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், ரீங்காரத்தை வைத்து. பழைய பதிவுகளில் மின்சாரத்தின் ரீங்காரம் பின்னணியில் ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கள் மின்சாரம் விநாடிக்கு ஐம்பது முறை அதிரும். ஆகவே ரீங்காரமும் ஐம்பது. அதை நீக்கப் போனேன். ஐம்பதில் ஒன்றும் இல்லை. நாற்பத்து நான்கில் இருந்தது. கல்லறைப் பாட்டு பாடுகிறார்கள் என்பதற்காக மின் நிலையம் சோகமாகாது. டேப்தான் மெதுவாக ஓடியிருக்கிறது. பாட்டும் டிரம்ஸும் குரலும் எல்லாமே அதோடு சேர்ந்து இறங்கியிருக்கின்றன.

வேகத்தைச் சரிசெய்து கேட்டேன். அப்பா பறந்தார். ஒவ்வொரு அடியும் ஆணி அடித்தது போல இருந்தது.

ஆனால் மாமாவின் குரல் மெலிந்துவிட்டது. மீசை முளைக்காத ஒரு பையன் போர்வைக்குள்ளிருந்து பயமுறுத்துவது போல இருந்தது.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஒருவருக்கு நியாயம் செய்தால் இன்னொருவருக்கு இருந்த ஒரே கிரீடம் போய்விடும். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் மாமாதான்.

இன்னொன்றும் இருந்தது. முதல் பாட்டு தொடங்குமுன் சில நொடிகள் வெறும் இரைச்சல். அதில் ரீங்காரம் ஐம்பதில்தான் ஆரம்பிக்கிறது. பிறகு வழுக்கிக்கொண்டு நாற்பத்து நான்குக்கு இறங்கி, கடைசிப் பாட்டு வரை அங்கேயே நிற்கிறது.

மறுநாள் மதியம் மாமாவும் டாக்டரும் தாடியும் இறுதி வடிவத்தைக் கேட்க வருவதாக இருந்தது. அப்பா வர மறுத்துவிட்டார். நான் காலையில் அவருக்குப் போன் செய்தேன். "அப்பா, ஸ்டூடியோ லிஃப்ட் நின்னுடுச்சு. ரெண்டு மணிக்கு வர்றீங்களா?" வாழ்க்கையில் நான் இவ்வளவு சரளமாகப் பேசியதில்லை. பொய் என்பதால் இருக்கலாம்.

இரண்டு மணிக்குக் கருவிப் பெட்டியோடு அப்பா அறைக்குள் வந்தார்.

"லிஃப்ட்லதானே ஏறி வந்தேன்? நல்லாத்தான் ஓடுது. என்ன குட்டி இது?" என்றவர், சோபாவில் மாமாவைப் பார்த்து நின்றார்.

"வா மாப்ளே," என்றார் மாமா. "நல்லவேளை லிஃப்ட் ஓடுச்சு. படியில வந்திருந்தா நாளைக்குத்தான் வந்து சேர்ந்திருப்ப."

"உன் கடை பல்பை நம்பிப் படி ஏறினா, பாதி வழியில இருட்டாயிடும் மச்சான்."

தாடி எழுந்து நின்றார். "சார், நீங்கதான் அந்த நத்... டிரம்மரா?"

"உக்காருங்க தம்பி," என்றார் டாக்டர். "அவரே மறந்திருப்பாரு."

"மறக்க விட்டாதானே," என்றார் அப்பா. திரும்பிப் போகப் பார்த்தார். நான் பட்டனை அழுத்திவிட்டேன்.

'கல்லறைக்குக் கதவில்லை' என்ற பாட்டு. முதலில் பழைய வேகத்தில். மாமா கண்ணை மூடிக்கொண்டார். தாடிக்குக் கை மயிர் சிலிர்த்தது. முழங்கையை நீட்டிக் காட்டினார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதியில் நிஜ வேகத்துக்கு மாற்றினேன்.

முதலில் வெடித்துச் சிரித்தவர் டாக்டர். "டேய், யாருடா இது? என் கிளினிக்ல ஊசியைக் காட்டினா பசங்க இந்தச் சுருதியிலதான் கத்துவாங்க!"

"டேப் கெட்டுப்போச்சு," என்றார் மாமா அவசரமாக. "ஈரம் பட்டிருக்கும். வேகமா ஓடுது. பழசையே போடு பாப்பா."

"ஆமாங்க, இதைப் போட்டா ரசிகருங்க என்னைத் தேடி வந்து அடிப்பாங்க," என்றார் தாடி.

அப்பா கருவிப் பெட்டியைக் கீழே வைத்தார். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து நின்றார். பாட்டு முடிந்ததும், "இன்னொரு தடவை போடு," என்றார்.

இன்னொரு தடவை போட்டேன். முடிந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தரை அங்கேயேதான் இருந்தது. நான் திரையைப் பார்த்தேன்.

"டேப் கெடல," என்றேன். "இதுதான் நிஜ வேகம். முன்னாடி கேட்டதுதான் தப்பு."

"என்ன பாப்பா சொல்ற?"

"ரீங்காரம் ஐம்பதுல இருக்கணும் மாமா. கேசட்ல நாப்பத்து நாலுதான் இருக்கு." திரையில் அந்தக் கோட்டைப் பெரிதாக்கினேன். "முதல் பாட்டுக்கு முன்னாடி பாருங்க. ஐம்பதுல ஆரம்பிச்சு, வழுக்கி இறங்கி, அப்படியே நிக்குது. மெஷின் பழசா இருந்தா ஏறி இறங்கி ஆடும். இப்படி ஒரே இடத்துல நிக்காது. கேசட்டுக்கு மாத்தும்போது யாரோ மெஷினோட வேகக் குமிழைத் திருகியிருக்காங்க."

இவ்வளவு நீளமாக நான் பேசி அந்த அறையில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். "கேசட்டுக்கு மிக்ஸ் பண்ண அன்னிக்கு எனக்குப் பரீட்சை. நான் வரல."

"எனக்குக் காய்ச்சல்," என்றார் அப்பா, ஸ்பீக்கரிடமிருந்து திரும்பாமல்.

மாமா சட்டைப் பொத்தான் ஒன்றைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றினார்.

"தம்பி," என்றார் டாக்டர் தாடியிடம், "புத்தகத்துல டிரம்மரைப் பத்தின அந்த வரியை இப்பவே அச்சுக்கு விட்டுடாதீங்க. கொஞ்சம் பொறுங்க." பிறகு மாமாவிடம் திரும்பினார். "ம். வாயைத் திற. வலிக்காது."

"நீ எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லுவ."

"உண்மைதான். வலிக்கும். திற."

அப்பா திரும்பினார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். இல்லை. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்; கண் மட்டும் நிறைந்திருந்தது. "அந்தக் குரலையா மச்சான் இத்தனை வருஷம் ஒளிச்சு வெச்சிருந்த?"

மாமா எழுந்தார். தாடியின் கையில் இருந்த பேனாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடைசியில் அப்பாவுக்கு எதிரே போய் நின்றார்.

"அந்தக் கீச்சுக்குரல்ல கல்லறையைப் பத்திப் பாடினா உள்ள இருக்கிற பொணம்கூடச் சிரிக்கும்னு பயந்தேன்," என்றார். "கேசட் வந்ததும் ஊரே என் குரலைத் தூக்கி வெச்சுது. அதுக்கப்புறம் உண்மையைச் சொல்ல வாய் வரல. எழுதிக்கோ தம்பி. மாப்ளே, குமிழைத் திருகினது நான்தான். உன் கை ஒரு இடத்துலயும் இழுக்கல."