இன்னும் முடிவு பண்ணல சார்

வெண்மதியின் கம்ப்யூட்டர் ஆனி மாசத்திலிருந்தே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. காலையில் பக்கம் வடிவமைக்கும் சாஃப்ட்வேரைத் திறந்துவிட்டு, அரிசி களைந்து, குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து பார்த்தாலும் அது இன்னும் ஃபாண்டுகளை ஏற்றிக்கொண்டுதான் இருக்கும். கோளாறு மெஷினில் இல்லை. இத்தனை வருஷமாக அவள் சேர்த்து வைத்த ஃபாண்டுகள்தான் காரணம். பிரஸ்காரர் ஒவ்வொருவரும் தன் ஃபாண்டைக் கொடுத்திருந்தார். ஒரே எழுத்து மூன்று பெயரில் மூன்று இடத்தில் கிடந்தது. பழைய ஃபைல் ஒன்று எப்போது திரும்பி வரும், எந்த எழுத்தைக் கேட்கும் என்று தெரியாததால் எதையும் அழிக்க அவளுக்கு மனசு வரவில்லை.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தாள். கணவனோடு ஒத்துவராமல் பிரிந்து வந்த பிறகு, அவள் வீடும் ஆபீசும் அதுதான். கோச்சிங் சென்டர் நோட்ஸ், பள்ளிக்கூட ஆண்டு மலர், கோயில் திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் செய்தாள். முன்பெல்லாம் வேலை கொடுத்தவர்கள் மாடி ஏறி வந்து, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "அந்த பேர கொஞ்சம் பெருசாக்குங்க, மாமா கோச்சிக்குவாரு" என்று சொல்லித் திருத்தம் போடுவார்கள். கொரோனாவுக்குப் பிறகு யாரும் வருவதில்லை. எல்லாம் வாட்ஸப். திருத்தத்தைச் சிவப்பில் வட்டம் போட்டு அனுப்புகிறார்கள்; அவள் சரிசெய்து அனுப்புகிறாள்; ஒரு கட்டைவிரல் வருகிறது. சில நாள் பால்காரரிடம் பேசியதோடு சரி, பொழுது சாய்கிற வரை தன் குரலையே அவள் கேட்டிருக்கமாட்டாள்.

மாவட்டத்தில் இதே வேலை செய்கிற டிடிபிக்காரர்களுக்கு வாட்ஸப் குரூப் ஒன்று இருந்தது. கம்ப்யூட்டர் இப்படி இழுக்கிறதே, என்ன செய்யலாம் என்று அதில் ஒருநாள் கேட்டுவைத்தாள். சிதம்பரத்திலிருந்து செம்பியன் என்பவர் பதில் போட்டார். "எல்லா ஃபாண்டையும் விண்டோஸ்ல ஏத்தி வைக்காதீங்க மேடம். ஃபாண்ட் மேனேஜர்னு தனியா சாஃப்ட்வேர் இருக்கு. ஃபாண்டெல்லாம் ஒரு ஃபோல்டர்ல சும்மா கெடக்கும். வேணுங்கிறத மட்டும் ஆன் பண்ணிக்கலாம். எது வாங்குறதுன்னு சொல்றேன், போன் பண்ணட்டுமா?"

அன்று சாயங்காலமே போன் வந்தது. கீழவீதியில் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்து போகும் வழியில் பேசினார். நடையின் மூச்சும் ஆட்டோ ஹாரனும் பேச்சோடு கலந்து வந்தன. மூன்று சாஃப்ட்வேர் சொன்னார். ஒன்று இலவசம், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இன்டர்நெட் போனால் முரண்டு பிடிக்கும். இன்னொன்று பெரிய கம்பெனிக்காரன் வெளியிடுவது, வருஷா வருஷம் சந்தா. அதைத்தான் அவர் வைத்திருந்தார். மூன்றாவது ஜெர்மனியில் யாரோ ஒரு ஆள் தனியாக உட்கார்ந்து எழுதியது.

"அது எப்படி சார் இருக்கும்?"

"பழைய காலத்து பேங்க் மாதிரி இருக்கும் பாக்க. ஆனா ஸ்பீடு. ட்ரை பண்ணுங்க. மூணையும் போட்டுப் பாருங்க."

வெண்மதி மூன்றையும் போட்டுப் பார்த்தாள். மறுநாள் அதே நேரத்துக்குப் போன் வந்தது. "என்ன மேடம், பாத்தீங்களா?"

பார்த்ததைச் சொன்னாள். ஃபாண்டுகள் எப்படி இருக்கும் என்று காட்ட, மூன்றிலும் ஒரு மாதிரி வரி தானாக வந்து நின்றது. அது இங்கிலீஷ் வரி. பழைய தமிழ் ஃபாண்டுகளில் இங்கிலீஷ் எழுத்து இருக்கிற இடத்தில் தமிழ் எழுத்துதான் உட்கார்ந்திருக்கும் என்பதால், அந்த வரி தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் ஏதோ தமிழாகத் தெரிந்தது. சரி, இப்போது போனிலெல்லாம் வருகிற யூனிகோடில் தமிழ் வரி ஒன்று அடித்தால் பழைய ஃபாண்டுகளில் வெறும் கட்டம் கட்டமாக வந்தது.

"கரெக்டா புடிச்சிட்டீங்க" என்றார் செம்பியன். அவர் குரலில் சிரிப்பு இருந்தது. "வெள்ளைக்காரனுக்கு நம்ம கஷ்டம் என்னா தெரியும். பழசுக்கு ஒரு வரி, யூனிகோடுக்கு ஒரு வரின்னு ரெண்டு வச்சிக்கணும். எதுல அப்படி வைக்க முடியுதுன்னு பாருங்க."

அந்த "கரெக்டா புடிச்சிட்டீங்க" அவளோடு ரொம்ப நேரம் இருந்தது. யாரும் அவளிடம் அப்படிச் சொல்லி நாளாகியிருந்தது.

ஜெர்மன்காரனுடையதில்தான் இரண்டு வரியும் தனித்தனியே வைக்க முடிந்தது. அந்த வாரம் முடிவதற்குள்ளேயே அவளுக்கு அது தெரிந்துவிட்டது. இரட்டை ஃபாண்டுகளையும் அது ஒழுங்காகக் கண்டுபிடித்தது. சொல்லப்போனால் முடிவு அப்போதே ஆகிவிட்டது. ஆனால் அதைச் சொல்லிவிட்டால் நாளைக்கு எதற்குப் போன் வரும்?

அதனால் வேறு கேட்டாள். கல்யாணத்துக்குத் தனி, கோயிலுக்குத் தனி என்று குரூப் பிரிக்கலாமா? ஒரே ஃபாண்டை இரண்டு குரூப்பில் வைக்கலாமா? கம்ப்யூட்டர் மாற்றினால் பிரித்து வைத்ததெல்லாம் கூட வருமா? பகலில் வேலைக்கு நடுவே ஏதாவது கேள்வி தோன்றினால் சாயங்காலத்துக்கென்று எடுத்துவைத்தாள். கேள்விக்கு நடுவே வேறு பேச்சும் வந்தது. மழை வருதா அங்க, இங்க தூறுது. சாப்ட்டாச்சா. குமராட்சிப் பக்கம் தண்ணி வந்துட்டா ரெண்டு நாளைக்குக் கடைக்கு ஆளு வராது மேடம். அவர் வீட்டு கேட் கிறீச்சிடும் சத்தம் கேட்கும். "சரி மேடம், வந்துட்டேன்" என்று வைத்துவிடுவார். அந்தக் கேட்டுக்கு யாராவது எண்ணெய் விட்டுவிடக் கூடாது என்றுகூட ஒருநாள் நினைத்தாள். உடனே அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மனசில் என்ன இருக்கிறது என்று அவள் தோண்டிப் பார்க்கவில்லை. அவருக்குக் குடும்பம் இருக்கும் என்று தெரியும். அதைக் கெடுக்கிற எண்ணம் அவளுக்குக் கனவிலும் கிடையாது. ஒரு குரல் தன்னைக் கூப்பிட்டு ஏதாவது கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

"இன்னுமா பாத்துக்கினு இருக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டார்.

"இன்னும் முடிவு பண்ணல சார்."

"அப்ப ஒண்ணு செய்யுங்க. ஒருநாள் சிதம்பரம் வாங்க. என் சிஸ்டத்துல நேர்ல பாத்தா டவுட்டே இருக்காது."

சும்மா வாய்வார்த்தையாகத்தான் சொன்னாரோ என்னவோ. அவள் செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டாள்.

கிளம்புகிற நேரத்தில் அம்மா ஆரோக்கியம்மாள் போன் செய்தாள். அவள் மேல்பட்டாம்பாக்கத்தில் மகன் வீட்டில் இருந்தாள்.

"சிதம்பரத்துக்கா? எதுக்குடி?"

"வேலை விஷயமாம்மா."

"கூட யாரு வராங்க?"

"யாரும் வரல. தனியாத்தான் போறேன்."

"ம்" என்றாள் அம்மா. "பாத்துப் போ" என்று வைத்துவிட்டாள்.

பச்சைக் கரை போட்ட காட்டன் புடவை கட்டியிருந்தாள். வெறுங்கையோடு போகக் கூடாது என்று அரைக் கிலோ பண்ருட்டி முந்திரி வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஊர்கள் போய்க்கொண்டிருந்தன. முதலில் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே வந்தாள். வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது, போனில் பேசுகிற மாதிரியே பேசிவிட்டால் போதும் என்று தோன்றியது.

கடையைக் கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. வாசலில் செருப்பு குவிந்து கிடந்தது. ஆவணி முகூர்த்தம் நெருங்கிவிட்டதால் உள்ளே நிற்க இடமில்லாத கூட்டம். குரலை வைத்து ஒரு பெரிய ஆளை நினைத்து வைத்திருந்தாள். செம்பியன் ஒல்லியாக, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, இரண்டு பேரிடம் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்.

"சார், நான் வெண்மதி. கடலூரு."

ஒரு நொடி அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு, "அட, ஃபாண்ட் மேடம். வாங்க வாங்க" என்றார். உண்மையாகவே சந்தோஷமாகத்தான் சொன்னார். முந்திரிப் பொட்டலத்தை நீட்டினாள். "எதுக்கு மேடம் இதெல்லாம்" என்று வாங்கி, அப்படியே பின்னால் திரும்பி, கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் கொடுத்தார். "கனிமொழி, மேடத்துக்கு நம்ம ஃபாண்ட் மேனேஜர காட்டு. இதையும் எல்லாருமா சாப்டுங்க." சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

கனிமொழி நல்ல பெண். நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்து, குரூப்புகளைத் திறந்து காட்டினாள். ஒரு கிளிக்கில் கல்யாண ஃபாண்டெல்லாம் எழுந்து நின்றன, இன்னொரு கிளிக்கில் படுத்துக்கொண்டன. மாதிரி வரியாக 'நிகழும் மங்களகரமான' என்று போட்டு வைத்திருந்தார்கள். வெண்மதிக்குத் தெரியாதது எதுவும் அதில் இல்லை. இருந்தாலும் தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

"சாரு போன்லயே சொல்லியிருப்பாரே மேடம்" என்றாள் கனிமொழி.

"சொன்னாரு. நேர்ல பாத்தா நல்லதுன்னு."

"யாரு என்னா கேட்டாலும் சொல்லுவாரு. வீட்டுக்கு நடந்து போற நேரத்துல யார்கிட்டயாவது பேசிக்கினே போகணும் அவருக்கு. இல்லன்னா நடக்க மாட்டாரு." சிரித்தாள். "போன மாசம் முழுக்க பிரின்டர் வாங்கணும்னு நெய்வேலிக்காரர் ஒருத்தரு. அதுக்கு முன்ன யூபிஎஸ்."

வெண்மதியும் சிரித்தாள். சிரிக்க முடிந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் செம்பியன் டீ வரவழைத்தார். நின்றபடியே குடித்தார்கள். "எப்படி மேடம், தெளிவாயிடுச்சா? எதுன்னு முடிவு பண்ணீங்க?"

'இன்னும்' என்று வாய் வரைக்கும் வந்தது. கண்ணாடியை நெற்றியில் வைத்தபடி, கை தட்டிக் கூப்பிடும் ஆளை ஓரக்கண்ணால் பார்த்தபடி நிற்கிற மனுஷரைப் பார்த்தாள். நல்லவர். அவளை அவர் ஏமாற்றவில்லை. அவர் தருவதாக எதையும் சொல்லவும் இல்லை.

"ஜெர்மன்காரனோடதையே வச்சிக்கிறேன் சார். எனக்கு அது போதும்."

"நல்ல சாய்ஸ். உங்களுக்கு அதான் சரி. அப்ப முடிஞ்சிது" என்று டம்ளரை வைத்தார். "சாப்ட்டுப் போங்க மேடம், வீடு பக்கத்துலதான். வீட்டுல சொல்றேன்."

"இல்ல சார், பஸ் இருக்கு."

திரும்பி வரும்போது ஜன்னலோரம் கிடைக்கவில்லை. பரங்கிப்பேட்டைப் பக்கம் போகிற ஒரு அம்மா, பி.முட்லூர் வரைக்கும் அவள் தோளிலேயே தூங்கிக்கொண்டு வந்தாள். வெண்மதி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இறங்கும்போது அந்த அம்மா, "சொல்லியிருக்கலாமே கண்ணு" என்றாள். பரவாயில்லைங்க என்றாள் வெண்மதி. தோள் கொஞ்ச நேரம் சூடாகவே இருந்தது.

அந்த வாரம் உட்கார்ந்து எல்லா ஃபாண்டையும் விண்டோஸிலிருந்து எடுத்து, பிரித்து, இரட்டையைக் களைந்து, குரூப் குரூப்பாக வைத்தாள். பாதிக்கு மேல் மறுபடி ஒருநாளும் தொட்டதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பெயர்கூட நினைவில்லாத ஒரு நோட்டீஸுக்காக வந்து சேர்ந்தவை. எதையும் அழிக்கவில்லை, அணைத்து மட்டும் வைத்தாள். மறுநாள் காலை பக்க சாஃப்ட்வேரைத் தொட்டதும் பட்டென்று திறந்துகொண்டது. அரிசி களையக்கூட நேரம் கொடுக்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டாள்.

"கம்ப்யூட்டரு சரியாயிடுச்சும்மா."

"ஒடஞ்சிருந்துச்சா?" என்றாள் அம்மா. "சரி, ஞாயித்துக்கிழமை பூசைக்கு வரியா?"

"பாக்கறேன்."

சாயங்காலம் அந்த நேரம் வந்தது, போனது. மறுநாளும் அப்படியே. மூன்றாவது நாள் அந்த நேரத்தில் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய் நின்றுவிட்டு வந்தாள். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். சுண்டல் வாங்கினாள். கூட்டத்தில் தனியாக நின்று சுண்டல் தின்பது அவ்வளவு ஒன்றும் கஷ்டமில்லை. திரும்பி வந்து பூட்டைத் திறக்கும் சத்தம்தான் கஷ்டம்.

புரட்டாசி தொடக்கத்தில் வாட்ஸப் குரூப்பில் ஒரு புது ஆள் எழுதியிருந்தார். மங்கலம்பேட்டை, பேர் அன்புமணி. ஃபாண்ட் ஜாஸ்தியாகி சிஸ்டம் நிற்கிறது, என்ன செய்யலாம்? வெகுநேரம் யாரும் பதில் போடவில்லை. வெண்மதி அடித்தாள்: "ஃபாண்ட் மேனேஜர் ஒண்ணு போடணும் சார். மூணு இருக்கு. எது உங்களுக்கு சரியா வரும்னு சொல்றேன். சாயங்காலம் போன் பண்ணுங்க." அனுப்புவதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்த்தாள். அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் போன் வரவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குத் தட்டை எடுத்து வைக்கும்போது செய்தி வந்தது. "ரொம்ப தேங்ஸ் மேடம். யூடியூப்ல ஒரு வீடியோ இருந்துச்சு, அதப் பாத்து போட்டுட்டேன். இப்ப நல்லா ஓடுது."

"சந்தோஷம் சார்" என்று பதில் போட்டாள். ரசத்தைச் சூடு பண்ணலாமா, அப்படியே ஊற்றிக்கொள்ளலாமா என்று கொஞ்ச நேரம் அடுப்பங்கரையில் நின்றாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்தாள்.