ஐந்து மாதம் கிழக்கே போன வானம்

ஆராய்ச்சி செய்கிறவர்கள் உண்மையைத் தேடுகிறவர்கள் என்று எவராவது மேடையில் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் ஆறு வருடம் ஆராய்ச்சி செய்தவள்தான். நான் தேடியது முனைவர் பட்டம். அது கிடைத்தால் வள்ளியூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை நிச்சயம். கிடைக்காவிட்டால் முப்பத்திரண்டு வயதில் பாளையங்கோட்டையில் அம்மா வீட்டு முன்னறையில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு ட்யூஷன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

என் பெயர் கெசியா. சேரன்மாதேவிக்கு மேற்கே வயலுக்கு நடுவில் இருக்கிற ஒரு ரேடார் நிலையத்தில் இருந்தேன். ரேடார் என்றதும் விமானம் தேடுகிற, சுற்றுகிற தட்டை நினைக்க வேண்டாம். எங்களுடையது நேர் மேலே பார்க்கும். நூறு கிலோமீட்டர் உயரத்தில் வெயில் பட்டுக் காற்றிலேயே மின்சாரம் ஏறிக் கிடக்கிறது. அதற்கு அயனி மண்டலம் என்று பெயர். கீழேயிருந்து ரேடியோ அலையை அனுப்பினால் அதில் பட்டுத் திரும்பி வரும். பூமியின் காந்த நடுக்கோடு எங்கள் ஜில்லாப் பக்கமாகப் போவதால், இங்கே அந்த மின்சாரம் மேலே ஒரு ஆறு மாதிரி ஓடும். அதைப் பார்க்கத்தான் அத்தனை கம்பமும் கம்பியும்.

திரும்பி வருகிற அலையைக் கேட்க மூன்று ஆண்டெனா. கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று, வடக்கே ஒன்று. கிழக்கு ஆண்டெனா முதலில் கேட்டு, மேற்கு சற்றுப் பிந்திக் கேட்டால், மேலே உள்ள படலம் மேற்கே நகர்கிறது என்று அர்த்தம். பகலில் அது மேற்கேதான் போகும், ராத்திரியில் கிழக்கே. என்றைக்காவது ஒரு மத்தியானம் திரும்பும், சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும். முப்பது வருடமாக எழுதி எழுதித் தேய்ந்த சங்கதி இது. என் ஆய்வும் அதையே இன்னொரு தடவை சொல்லிக்கொண்டிருந்தது.

“இதுல புதுசா என்னம்மா இருக்கு?” என்று மாதம் ஒரு தடவை கேட்பார் என் வழிகாட்டி ஹரிஹரசுப்பிரமணியன் சார். நிலையத்துக்கும் அவர்தான் தலைவர். நான் தரையைப் பார்ப்பேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார்.

வருடத்தில் ஒரு நாள், ஆயுத பூசைக்கு, ரேடாரை நிறுத்துவது எங்கள் வழக்கம். வயர்களையெல்லாம் கழற்றி, முனைகளைத் துடைத்து, பெட்டி பெட்டியாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவார்கள். மறுநாள் விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து, மூன்று ஆண்டெனா வயரையும் சார் தன் கையாலேயே செருகுவார். அது வருடம் முழுக்க ஒரு ஸ்க்ரூட்ரைவரைத் தொடாத கை. எனக்குக் கொடுத்தது பட்டியல். “நீ வேதக்காரப் பொண்ணு, ஒனக்கு இதெல்லாம் ஒத்துவராது. நீ லிஸ்ட்டப் பாத்து டிக் பண்ணும்மா” என்பார். எங்கள் பக்கம் கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வார்கள். அவர் அன்பாகத்தான் சொல்வார்.

அந்த வருடம் எங்கள் டெக்னீசியன் ஐயம்பெருமாள் அண்ணாச்சி சந்தனத்தைத் தாராளமாக அப்பிவிட்டார். வயர் முனையில் ஒட்டியிருந்த கி, மே, வ என்ற எழுத்துகள் சந்தனத்துக்கு அடியில் போய்விட்டன. சார் செருகினார். எழுத்தைப் பார்த்து டிக் போட வேண்டியது நான். பார்க்க வேண்டுமென்றால் சந்தனத்தைத் துடைக்க வேண்டும். கையை நீட்டினேன், நிறுத்திக்கொண்டேன். பூசையில் வைத்த பொட்டை வேதக்காரப் பெண் அழித்தாள் என்று ஒரு பேச்சு வந்துவிடக் கூடாதே! யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள், அண்ணாச்சி நிச்சயமாகச் சொல்லியிருக்க மாட்டார். இருந்தாலும் கூச்சம். மூன்று டிக் போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டு, கொடுத்த பொரியை வாங்கித் தின்றேன்.

அன்றைக்கு மத்தியானத்திலிருந்து வானம் கிழக்கே போக ஆரம்பித்தது.

ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. மூன்று வாரம் விடாமல் பகலெல்லாம் கிழக்கே போனது. வரைபடத்தை எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன். மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“ஏ கெசியா! இத ஒலகத்துல யாரும் பாத்ததில்லம்மா!”

“சார், வயர ஒரு தடவ பாத்துரட்டுமா?”

“நான்தானம்மா சொருகினேன். நீதான டிக் போட்டிருக்க?”

அவர் அப்போது பொய் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பினார். எனக்கும் நம்ப ஆசையாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். எழுந்து போய்ப் பார்க்க இருபது அடி நடந்தால் போதும். நான் நடக்கவில்லை. ராத்திரிக் கணக்கும் தலைகீழாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, “ராத்திரி எதிரொலி ரொம்ப வீக். அத விட்டுரு” என்றார். விட்டுவிட்டேன். தை மாதம் ஏதோ கருத்தரங்கில் பேசிவிட்டுப் பொன்னாடையோடு வந்து இறங்கினார்.

மார்ச் மாதம் அண்ணாச்சி தூசி தட்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது.

“யம்மா, பைய இங்கன வாங்க. மேக்கு வயரு கெழக்குக் குழியில கெடக்கு. கெழக்கு வயரு மேக்குல இருக்கு. பூசையில இருந்தே இப்படித்தான் கெடக்கா?”

ஓடிப் போய்ச் சாரிடம் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“சார், கம்ப்யூட்டர்ல ரெண்டையும் மாத்திப் போட்டா அஞ்சு மாச டேட்டாவும் சரியாயிரும். ஒரு நாள் வேலதான்.”

“சரியாயிரும். அப்புறம் ஒன் தீசிஸ்ல என்ன இருக்கும்?”

நான் சாத்திய கதவைப் பார்த்தேன்.

“ஒன் உதவித்தொகை இந்த மாசத்தோட முடியறது. இன்னும் ரெண்டு வருஷம் ஒன்ன யாரு வச்சுப் பாப்பா? வள்ளியூர்க்காரன் காத்துண்டு இருப்பானா?” மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “அண்ணாச்சிய விட்டு வயர மாத்தச் சொல்லு. நாளைலேருந்து மேற்க போகும். அதுவா ஆரம்பிச்சுது, அதுவா முடிஞ்சுது. அஞ்சு மாசம் நடந்த ஒரு நிகழ்வு. அவ்வளவுதான்.”

எப்படி இருக்கிறது பாருங்கள்! தப்பைத் திருத்தின நாளையே கண்டுபிடிப்பின் கடைசி நாளாக்கிவிட்டார். பாவி மனுஷனுக்கு மூளை அப்படி வேலை செய்தது. நான் எழுந்து வந்திருக்கலாம். அவர் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. அம்மாவின் முகமும் ட்யூஷன் பலகையும் கண்ணுக்குள் வந்து நின்றன. “சரி சார்” என்றேன்.

அண்ணாச்சி வயரை மாற்றிவிட்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். “ரிஜிஸ்டர்ல என்னம்மா எழுத?”

“ஒண்ணும் எழுதாண்டாம் அண்ணாச்சி.”

“எழுதாண்டாமா?”

“எழுதாண்டாம்.”

என்னை ஒரு பார்வை பார்த்தார், பேனாவை மூடினார். அதற்கப்புறம் அவர் என்னை ‘யம்மா’ என்று கூப்பிட்டதில்லை. மேடம், மேடம் என்றுதான் கூப்பிட்டார்.

கட்டுரை வெளியானது. வாய்மொழித் தேர்வு வந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒரே ஒரு உருப்படியான கேள்வி கேட்டார். “சட்டென்று ஆரம்பித்துச் சட்டென்று முடிகிறதே, இயற்கையில் அப்படி நடக்குமா?” சார் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மேலடுக்குக் காற்றலைகள் காரணமாக இருக்கலாம் சார். மேலும் ஆய்வு தேவை” என்றேன். தேர்வாளர் தலையாட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். டவுணிலிருந்து வாங்கி வந்த அல்வாவை வாழையிலைத் துண்டில் வைத்து நானே கொடுத்தேன். அண்ணாச்சி மட்டும் சர்க்கரை வியாதி என்று சொல்லி வாங்கவில்லை. அவருக்குச் சர்க்கரை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அம்மா சாட்சி சொல்ல எழுந்தாள். ஊருக்கு அவள் இன்பமணி டீச்சர், அவள் எழுந்தால் கோயிலே நிமிர்ந்து உட்காரும். ஆறு வருடம் என் படிப்புக்காக ஜெபச் சீட்டு எழுதிப் போட்டவள். “கர்த்தர் எம் மகளுக்காக அஞ்சு மாசம் வானத்தையே திருப்பிக் காட்டினாரு” என்று சொல்லி அழுதாள். பக்கத்தில் இருந்தவர்களும் கண்ணைத் துடைத்தார்கள். நான் பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு எழுத்தும் படிக்காமல் இருந்தேன். வீட்டுக்கு வந்து, “ஏட்டி, ஒனக்குச் சந்தோசமே இல்லியா?” என்று கேட்டாள். தலைவலி என்றேன்.

வேலை கிடைத்தது. இப்போது வள்ளியூருக்குத்தான் தினமும் பஸ். பெயருக்கு முன்னால் முனைவர் போடுகிறார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

போன வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. வடக்கே ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஸமீஹா என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். தமிழில் எழுதியிருந்தாள்.

‘அக்கா, எனக்கும் உங்கள் பக்கந்தான், மேலப்பாளையம். நீங்கள் கண்டுபிடித்த நிகழ்வைக் கணினியில் கணக்குப் போட்டு வரவழைப்பதுதான் என் ஆய்வு. பதினாலு மாதமாகப் போராடுகிறேன். என்ன கொடுத்தாலும் பகலில் படலம் மேற்கேதான் போகிறது. ஒரு தடவைகூடக் கிழக்கே திரும்பவில்லை. உனக்கு இயற்பியல் வராது, ஊருக்குப் போய்விடு என்கிறார் கைடு. வாப்பாவும் வந்துரு என்கிறார்கள். ஜூனுக்குள் கணக்கு வராவிட்டால் ஆய்வை நிறுத்திவிடுவார்கள். என் கணக்கில் எங்கே தப்பு என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.’

அவளுடைய கணக்கை இணைத்திருந்தாள். திறந்து வரி வரியாகப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. என் ஆறு வருட வேலையைவிட நறுவிசான வேலை. கண்டிப்பாக மேற்கேதான் போகும், வேறு எங்கே போகும்? சரியாகச் செய்தவள் தனக்குப் படிப்பு வராது என்று அங்கே அழுதுகொண்டிருக்கிறாள்.

‘வயர் மாறியிருந்தது’ என்று எழுதினேன். இரண்டே வார்த்தைதான். அனுப்பினால் அவள் பிழைப்பாள். என் பட்டம் போகும், வேலை போகும், அம்மா கோயிலில் தலையைத் தூக்க முடியாது. மூன்று நாள் அந்த இரண்டு வார்த்தையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். நாலாவது நாள், இரண்டாவது பீரியடுக்கும் மூன்றாவது பீரியடுக்கும் நடுவில், ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அழித்துவிட்டு வேறு எழுதினேன்.

‘அன்புள்ள ஸமீஹா, உங்கள் கணக்கில் எங்கோ அடிப்படைத் தவறு இருக்கிறது. ஆரம்பத்திலிருந்து மறுபடி பாருங்கள். வாழ்த்துகள். முனைவர் கெசியா.’

மணி அடிக்கும் முன்னாலேயே பதில் வந்துவிட்டது.

‘ரொம்ப நன்றி அக்கா. நீங்கள் ஒருத்தர்தான் பதில் போட்டீர்கள். இதுவரை போட்டதையெல்லாம் அழித்துவிட்டேன். இன்றைக்கே முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.’